எஸ்மோனுக்குப் பன்னிரண்டு ஆதாரங்கள்

புள்ளியக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. வேதாகம நிலப்படப் புத்தகம் போடுகிற பதிப்பகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் புள்ளி வைப்பதுதான் அவள் வேலை. ஆபிரகாம் கூடாரம் போட்ட இடம், யோசுவா சண்டை போட்ட இடம், தாவீது ஒளிந்துகொண்ட இடம் எல்லாவற்றுக்கும் அவள் கைதான் புள்ளி வைத்தது. காவலாளியிலிருந்து அச்சுக்கூடத்து ஃபோர்மேன் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அக்கா. நாள் முழுக்கப் பெரிய மேஜை முன்னால் நின்றபடியே வேலை பார்ப்பதால் இடது முழங்கால் சாயங்காலமானால் விண்விண் என்று தெறிக்கும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் வீட்டில் அதைவிடப் பெரிய முழங்கால் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

புள்ளி வைப்பதற்கு அங்கே சட்டம் உண்டு. ஊர் இங்கேதான் இருந்தது என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டால் கருப்புப் புள்ளி. சந்தேகம் என்றால் வெறும் வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எங்கே என்றே தெரியாவிட்டால் படத்தில் இடம் கிடையாது. புத்தகத்தின் கடைசியில் 'இடம் தெரியாத ஊர்கள்' என்ற பட்டியலில் போய் உட்கார வேண்டியதுதான். அந்தப் பட்டியல் சின்னதல்ல. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் 'இன்ன ஊருக்கு மேற்கே' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். இன்ன ஊரே எது என்று தெரியாதபோது மேற்கை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? தாவீது குடியிருந்த சிக்லாகுக்கே ஆளுக்கொரு மண்மேட்டைக் காட்டிச் சண்டை போடுகிறார்கள். அதற்கே வட்டமும் கேள்விக்குறியும்தான்.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், கம்ப்யூட்டர் வராத காலத்தில், அக்கா கையால் பதினாலாம் நம்பர் தாளை வரைந்துகொண்டிருந்தாள். தெற்குப் பக்கத்து வறண்ட பிரதேசம். ஒரு ஊரிலிருந்து ஒரு நாள் நடைதூரம் எவ்வளவு என்று காட்ட காம்பஸால் வட்டம் போட்டபோது கை வழுக்கியது. ஊரே இல்லாத வெட்டவெளியில் முள் 'பொத்'தென்று இறங்கியது. ஆறு வார உழைப்பில் ஒரு ஓட்டை. அன்றைக்கு இருந்த பழைய முதலாளி பேனா மூடி தொலைந்தாலே மாடி அதிரக் கத்துகிறவர். 

தாளின் பின்பக்கம் நகக்கண் அளவுக்கு ஒரு காகிதத்தை ஒட்டினாள். முன்பக்கம் மை வைத்து மறைத்தாள். மறைத்ததும் அது அச்சு அசல் கருப்புப் புள்ளியாகிவிட்டது. பெயரில்லாத புள்ளியைப் படத்தில் விட முடியாது. அதனால் கடைசிப் பட்டியலைத் திறந்து, யாரும் கேட்காத ஊராகத் தேடினாள். யோசுவா புத்தகத்தில் தெற்கத்தி ஊர்களை வரிசையாகச் சொல்கிற ஒரு அத்தியாயம் இருக்கிறது. முதல் வரிசையின் முடிவில் மொத்தம் இருபத்தொன்பது என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் அதற்கு மேலேயே வரும். கூட்டலே இடிக்கிற பட்டியலில் ஒரு ஊர் இடம் மாறினால் யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று அக்கா நினைத்தாள். எஸ்மோன் என்று ஒரு ஊர் கண்ணில் பட்டது. மொத்த வேதாகமத்திலும் ஒரே ஒரு தடவைதான் அந்தப் பெயர் வருகிறது. அங்கே யாரும் பிறந்ததாக இல்லை, செத்ததாக இல்லை, சண்டை போட்டதாகக்கூட இல்லை. பெயரும் சின்னது. எழுதி முடித்து, மையை ஊதி உலர்த்தி, மேஜையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

புத்தகம் வந்து நாலாவது மாதம் ஒருவர் கேட்டுக்கொண்டு வந்தார்.

கல்லூரியில் பழங்கால வரலாறு நடத்துகிற வாத்தியார். ஒல்லி உடம்பு, மழையில்லாத நாளிலும் குடை. எஸ்மோனுக்கு எந்த ஆதாரத்தில் கருப்புப் புள்ளி வைத்தீர்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது என்று பணிவாகக் கேட்டார். அக்கா, ஆதாரம் ஃபைலில் இருக்கிறது, தேடிப் பார்க்க வேண்டும், அடுத்த வியாழக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். அடுத்த வியாழக்கிழமை வந்தார். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜைமேல் பதினாலாம் தாளை விரித்து அவர் முன்னால் வைத்துவிட்டு, பின்னறைக்குப் போய் இல்லாத ஃபைலை ஒரு மணி நேரம் தேடினாள். வெறுங்கையோடு வந்து டீ வாங்கிக் கொடுத்தாள். அதற்கடுத்த வியாழக்கிழமையும் வந்தார். இப்படியே எட்டு மாதம் ஓடியது. கடைசியில் ஒரு வியாழக்கிழமை அவர் குடையைப் பார்த்தபடி, ஃபைல் கிடைக்கிற வரைக்கும் எப்படியும் நான் வந்துகொண்டேதான் இருக்க வேண்டும், பேசாமல் கல்யாணம் செய்துகொண்டால் என்ன என்று கேட்டார். அக்காவுக்கு அவரைப் பிடித்துத் தொலைத்திருந்தது. சரி என்றாள்.

கல்யாணமான பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் வாத்தியார் எஸ்மோனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டுவிட்டார், நிலப்படத்தில் இருக்கிற புள்ளியை ஆதாரமாகக் காட்டி. அதைப் பார்த்து இன்னொரு அறிஞர் எழுதினார். அவரைப் பார்த்து ஒரு வேதாகம அகராதி எழுதியது. அகராதியைப் பார்த்து இன்னொரு அகராதி. கடைசியில் அக்கா வேலை பார்க்கிற பதிப்பகமே, அடுத்த பதிப்பின் குறிப்பில், இரண்டு அகராதிகளும் ஒப்புக்கொள்வதால் எஸ்மோனின் இடம் உறுதியாகிறது என்று போட்டது. அந்த வரியை டைப் அடித்தவளும் அக்காதான். அடித்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்கலாம் என்று முதல் தடவை பேச்சு எழுந்தது. அந்த வாரம்தான் வாத்தியாருக்கு வலது முழங்காலில் வலி பிடித்தது. அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் காலை நீட்டுவார். அக்கா தைலம் தேய்ப்பாள். குடியிருப்பது மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிக்கு ஒரு பெருமூச்சாக அவர் இறங்குவதைப் பார்த்தால் கல்லும் கரையும். அக்கா தன் முழங்காலை மறந்துபோனாள்.

போன வருஷம் பதிப்பகத்துக்குப் புதுத் தலைமைப் பதிப்பாசிரியை வந்தார். ஆபீஸில் அவருக்கு ஆதாரம் மேடம் என்று பெயர். ஒருவர் தும்மினால்கூடச் சளி பிடித்ததற்கு ஆதாரம் கேட்பார் என்பார்கள். புதுப் பதிப்பில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அட்டை போட வேண்டும், மூன்று ஆதாரமாவது இல்லாத புள்ளியை எடுத்துவிட வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டார். அக்காவுக்கு மனசுக்குள் மழை பெய்தது. எஸ்மோன் தானாகவே ஒழிந்துவிடும் என்று நம்பி, அட்டையை எழுத உட்கார்ந்தாள். எழுதி முடித்து எண்ணினால் பதினோரு ஆதாரம். பதினாலாம் தாளில் வேறு எந்த ஊருக்கும் அதில் பாதிகூட இல்லை.

அது போதாதென்று, வேறொரு கல்லூரிக்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தில் இரண்டு வாரம் குழி வெட்டிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. உடைந்த பானை ஓடு ஒன்றுகூட இல்லை. அவர் அசரவில்லை. எஸ்மோனை எதிரிகள் ஒரு ஓடுகூட மிஞ்சாமல் அழித்திருக்கிறார்கள், இப்படி ஒரு முழுமையான அழிவை நான் எங்கும் கண்டதில்லை என்று இருபது பக்கம் எழுதினார். அது பன்னிரண்டாவது ஆதாரம்.

ஆதாரம் மேடத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாற்பது பேர், மூன்று மாதம், பெரிய அளவில் தோண்டுவது என்று ஏற்பாடு செய்துவிட்டார். தலைமை தாங்க வாத்தியாரைவிட யார் பொருத்தம்? முழங்கால் சாக்கு இந்தத் தடவை பலிக்கவில்லை. மேடம் தானே மூணு மாடி ஏறி வந்து, முழங்காலுக்கு மாட்டுகிற உறை ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி மேற்பார்வை பார்த்தால் போதும், நாற்காலியைத் தூக்க இரண்டு பேரைப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்தியார் உறையைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தார்.

அதற்குப் பிறகு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வெயில் தொப்பியைப் பெட்டியில் வைப்பதும், எடுப்பதும், பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். பாவம், இந்த முழங்காலோடு வெட்டவெளியில் மூன்று மாதம், தன் காம்பஸ் ஓட்டையைத் தோண்டப் போகிறார். நாற்பது பேர் முன்னால் ஒன்றும் கிடைக்காமல் அவமானப்பட்டுத் திரும்பி வருவார். சொல்லிவிட்டால்? அவர் அன்றைக்குத் தேடி வந்தது ஆதாரத்தை. கிடைத்தது ஒரு பொய்க்காரி. இருபது வருஷம் ஒருவரோடு குடித்தனம் நடத்திவிட்டு, நாம் சந்தித்ததே ஒரு புளுகினால்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது? இதை நினைத்து அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வீட்டில் சொல்லத் தைரியம் வராததால் ஆபீஸில் சொன்னாள். ஆதாரம் மேடம், பிழை திருத்துகிற பெரியவர், அக்கா மூவரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், பதினாலாம் தாள் வந்ததும் எழுந்து நின்றாள்.

"மேடம், எஸ்மோன் புள்ளிய எடுத்துடுங்க. அது பொய். நான்தான் வச்சேன்."

"எல்லாப் புள்ளியும் நீங்கதானேக்கா வச்சீங்க?"

"இது காம்பஸ் முள்ளு குத்தின ஓட்டை. திட்டு வாங்கப் பயந்து மறைச்சேன். அங்க ஊரும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இதுக்கு ஆதாரம் இருக்கா?"

"நானேதான் ஆதாரம்."

"நீங்க ஒருத்தர். அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர் இருக்காங்க."

அந்தப் பன்னிரண்டு பேரும் தன்னைப் பார்த்து எழுதியவர்கள் என்று அக்கா தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தாள். பிழை திருத்துகிற பெரியவர் அவளுக்கு உதவி செய்வதாக நினைத்து, முள் அவ்வளவு பெரிய தாளில் அந்த இடத்தில் மட்டும் ஏன் வழுக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள், கைக்கே தெரியாமல் சரியான இடத்தைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றார். அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பொய் சொன்னபோது ஒரு மனுஷரும் ஆதாரம் பார்க்காமல் நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் அட்டை போடச் சொல்கிறார்கள். கடைசியில் மேடம், நாளை காலை பத்து மணிக்குள் எழுத்திலோ பொருளிலோ ஏதாவது கொண்டு வந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் பயணச் சீட்டு எடுத்துவிடுவேன் என்று முடித்தார்.

ஆதாரம் ஒன்று இருந்தது. வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் வந்தபோது பழைய கைத்தாள்களை வரைந்தவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். பதினாலாம் தாளை வாத்தியார்தான் ஆசையாக வாங்கி வந்தார். சட்டக் கடைக்காரனைத் தொடக்கூட விடாமல், தன் கையாலேயே பின்னால் பழுப்புக் காகிதம் ஒட்டி, ஆணி அடித்து மாட்டினார். நம் கைவேலைமேல் மனுஷனுக்கு எவ்வளவு பிரியம் என்று அன்றைக்கு அக்கா உருகிப்போனாள்.

அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போனதும் அக்கா சோபாமேல் ஏறிச் சட்டத்தை இறக்கினாள். சமையலறைக் கத்தியால் ஆணிகளை நெம்பி, பழுப்புக் காகிதத்தைக் கிழித்து, தாளைச் சாப்பாட்டு மேஜையில் குப்புறப் போட்டாள். அவள் ஒட்டிய குட்டிக் காகிதம் மஞ்சளாகி அப்படியே இருந்தது. ஆனால் அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் பொடி எழுத்தில் மூன்று வரி: 'முள் ஓட்டை. பின்னால் ஒட்டு. ஊர் அல்ல.' கீழே தேதி.

எந்தக் காகிதத்தில் எதைப் பார்த்தாலும் பென்சிலால் குறிப்பு எழுதித் தேதி போடுகிறவர் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். பால் பாக்கெட்டில்கூடத் தேதி போடுவார். அக்கா விரல்விட்டு எண்ணினாள். அது அவர் ஆபீஸுக்கு வந்த இரண்டாவது வியாழக்கிழமை.

வாத்தியார் தலையில் துண்டோடு வெளியே வந்தார். மேஜையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர், மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டாவது வாரமே தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"விளக்கு மேஜைல வச்சுட்டுப் போனியா, ஒட்டு சதுரமா தெரிஞ்சுது. திருப்பிப் பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு எட்டு மாசம் ஃபைலக் கேட்டு வந்தீங்க?"

"ஃபைல் இல்லன்னு தெரிஞ்சதாலதாம்மா வந்தேன். இருந்திருந்தா அன்னிக்கே குடுத்து அனுப்பியிருப்பியே."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். இருபது வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இவ்வளவு சுலபமாக உருளும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் அந்தக் கட்டுரை எதற்கு என்று கேட்டாள். வாத்தியார் அசடு வழிந்தார். வியாழக்கிழமை வியாழக்கிழமை எங்கே போகிறாய் என்று கல்லூரியில் கேட்டார்களாம். எஸ்மோனைப் பற்றி ஆராய்ச்சி என்று சொல்லிவைத்தாராம். எங்கே ஆராய்ச்சி என்று கேட்டதும் எழுத வேண்டியதாகிவிட்டதாம். அந்தப் பத்திரிகையை ஒருத்தரும் படிக்க மாட்டார்கள் என்று நம்பினாராம். உண்மையை வெளியே சொன்னால் அவள் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாராம். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தானும் அதையேதானே நினைத்தோம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தாளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சிரித்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று நிறுத்தினாள்.

"தோண்டப் போறாங்கன்னு சொன்ன வாரம்தானே உங்களுக்கு முட்டி வலி வந்தது?"

வாத்தியார் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"முகத்தக் காட்டுங்க. முட்டிக்கு என்ன?"

"முட்டிக்கு... ஒண்ணும் இல்ல," என்று துண்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "போகாம இருக்க வேற வழி தெரியல."

பதினோரு வருஷம். லீவு நாள்கூட விடாமல் தைலம். ஒரு நாள் காய்ச்சலோடு தேய்த்திருக்கிறாள். நான் வைத்தது ஒரே ஒரு புள்ளி, நீங்கள் என்னை நாலாயிரம் நாள் தேய்க்க வைத்திருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தவள், அவர் தூங்கப் போகும்வரை நிறுத்தவில்லை. யார் பொய் பெரிய பொய் என்ற வழக்கில் அன்று வரைக்கும் குற்றவாளியாக நின்றவள், ஒரே சாயங்காலத்தில் நீதிபதியாகிவிட்டாள். அது அவளுக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஆதாரம் மேடம் ஒட்டைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வாத்தியாரை ஒரு காகிதத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்தை ஒத்துப் பார்த்தார். கோபப்படுவார் என்றுதான் அக்கா எதிர்பார்த்தாள். மேடத்தின் முகமோ மலர்ந்துவிட்டது.

"தேதியோட இருக்கே," என்றார். "இத்தன வருஷத்துல இவ்வளவு சுத்தமான ஆதாரத்த நான் பாத்ததே இல்ல."

எஸ்மோனின் புள்ளி படத்திலிருந்து போனது. கடைசிப் பட்டியலில் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. இருபத்திரண்டு வருஷ வேலைக்கு இந்த ஒரு தப்பு என்று அக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதை டைப் அடிக்கவும் அவளையே கூப்பிட்டார்கள். வாத்தியார் தன் கட்டுரையை வாபஸ் வாங்கி ஒரு பக்கம் எழுதினார். நாற்பது பேரையும் பானை ஓடாவது கிடைக்கிற வேறொரு மேட்டுக்கு அனுப்பினார்கள். குழி வெட்டிப் பார்த்த கல்லூரிக்காரர் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஊரே இருந்ததில்லை என்று எல்லோரும் நம்புகிற அளவுக்கு எதிரிகள் அழித்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு இருபது பக்கம் எழுதினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது வாத்தியார் பதினோரு வருஷம் அடக்கிவைத்ததையெல்லாம் தீர்த்துக்கொள்கிறவர் மாதிரி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். மூணாவது மாடியில் நின்று திரும்பிப் பார்த்தபோது அக்கா இன்னும் முதல் மாடித் திருப்பத்தில் இருந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு பெருமூச்சாக ஏறிக்கொண்டிருந்தாள். அவர் சிரிப்பு நின்றுபோனது. தடதடவென்று இறங்கி வந்தார்.

"எத்தன நாளா இது?"

"உங்களுக்கு முன்னாலேருந்தே."

 அவர் அவள் கையைப் பிடித்து ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். தன் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, தைல பாட்டிலோடு தரையில் உட்கார்ந்தார். மூடியைத் திறக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் திண்டாடினார். அதுவரைக்கும் அவர் அதைத் திறந்ததே இல்லை.

"எந்த இடம்னு சரியாச் சொல்லு," என்றார்.

அக்கா குனிந்து, இடது முழங்காலின் உள்பக்கம் விரலை வைத்துக் காட்டினாள்.

"இங்கதான். கேள்விக்குறியே வேண்டாம், கருப்புப் புள்ளியே வச்சுக்கலாம்."

அவர் தேய்க்க ஆரம்பித்தார்.